வெள்ளிக்கிழமைக் கண்ணீர்

பவுன்தாயின் கண்ணீர்த் துளி தட்டில் நின்றது ஒன்றரை நொடிதான். அப்புறம், யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிய மாதிரி, சாய்ந்திருந்த கண்ணாடியில் விறுவிறுவென்று இறங்கி அடியிலிருந்த பஞ்சில் போய் விழுந்தது.

“ஓடிருச்சும்மா,” என்றாள் சிவரஞ்சனி. சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பழக்கம். திரையில் வந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்றினாள்.

“எங்கம்மா ஓடுச்சு?”

“துளி, தட்டுல நிக்கல. ஓடிருச்சு.”

“ஓடுச்சுன்னா பிடிச்சு நிறுத்து! இருபத்தெட்டு வருசம் அந்த மனுசனுக்கு வடிச்சுக் கொட்டியிருக்கேன். என் கண்ணீரு என்ன, அவரை மாதிரி ஓடுகாலியா?”

வாசலில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிவரஞ்சனிக்கும் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

துளிமானி ஊருக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ‘குடும்ப உறவு ஆய்வு நிலையம்’ என்று பெரிதாகப் பலகை மாட்டியிருந்தாலும் எல்லோருக்கும் அது தட்டாபீஸ்தான். பிரிய வேண்டும் என்று வருகிற கணவன் மனைவியில் யாருடைய வருத்தம் உண்மை, யாருடையது நடிப்பு என்று வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்ததை, உள்ளங்கை அகலமுள்ள ஒரு கண்ணாடித் தட்டு ஐந்து நிமிஷத்தில் முடித்து வைத்தது. தட்டு சொன்னதை மீறித் தீர்ப்பெழுதச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படி எழுதிய நீதிபதி மட்டும் இதுவரை யாரும் இல்லை.

“நான் சொல்றதைக் கேளுங்கம்மா.” ஐந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன விளக்கத்தை ஆரம்பித்தாள். “இந்தக் கண்ணாடி பாக்க வழவழன்னு இருக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியாம மேடும் பள்ளமுமா இருக்கு, உப்புத்தாள் மாதிரி. மனசு நொந்து வர்ற கண்ணீர்ல கொஞ்சம் பசை இருக்கும். அது பள்ளத்துக்குள்ள இறங்கிப் பிடிச்சுக்கும். நகந்தாலும் வாலை இழுத்துக்கிட்டு மெதுவாத்தான் நகரும். தூசி விழுந்தோ வெங்காயம் உரிச்சோ வர்றது வெறும் தண்ணி. மேட்டு மேலேயே உருண்டு ஓடிரும்.”

“அப்ப நான் வெங்காயம் உரிச்சேங்கிறியா?”

“நான் சொல்லலம்மா. தட்டு சொல்லுது.”

பவுன்தாய் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. ஐம்பது வயதிருக்கும். புருஷன் சுடலைமுத்து எட்டு மாதமாகத் தம்பி வீட்டில் இருக்கிறான். ‘அவளுக்கு வீடுதான் வேணும், நான் வேண்டாம்’ என்பது அவன் மனு. போன திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டுத் துளி எடுத்தபோது, அது தட்டில் பசை போட்ட மாதிரி அப்படியே நின்றது. இனி கோப்பு மேலே போகும். ‘மனைவியின் வருத்தம் மெய்யல்ல’ என்று ஒரு வரி. அதோடு முடிந்தது.

“கோர்ட்டு கச்சேரின்னு போறமே, லட்சணமாப் போவோம்னு விடியக்காலையே எந்திரிச்சு எண்ணெ தேய்ச்சுக் குளிச்சு, இருக்கிறதுலயே நல்ல சேலையக் கட்டிட்டு வந்தேன்.” பவுன்தாய் முந்தானையை உதறி எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். “ஏம்மா, உன் வீட்டுக்காரரு அழுதாலும் இப்பிடித்தான் தட்டுல ஊத்திப் பாப்பியா?”

வாசலில் இருந்த இரண்டு பேரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தித் தரையைப் பார்த்தார்கள். சாத்தூர்க்காரிக்குத் தெரியாது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அவள் போன பிறகும் அறையில் நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்த வாசனை போகவில்லை.

சிவரஞ்சனி தட்டைக் கழற்றினாள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். அதுதான் வழக்கம். பஞ்சை எடுத்தவள் என்னவோ தோன்றி, தட்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். துளி ஓடிய வழியில் மெல்லிய கோடு. சாலையில் மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரியுமே, அந்த மாதிரி ஏழு நிறமும் பளபளத்தது.

எண்ணெய்.

அவளுடைய வலது கால் மேஜைக்கடியில் தானாக ஆட ஆரம்பித்தது. பதற்றம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். கல்யாணமான புதிதில் மாரிக்கனி அந்த முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தி, “மோட்டாரை நிறுத்தும்மா, கரண்டு போயிரும்” என்பான். மூன்று வருஷமாக நிறுத்த ஆளில்லை.

காத்திருந்தவர்களிடம் இயந்திரத்தில் கோளாறு, மதியத்துக்கு மேல் வாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பதிவேட்டைத் திரையில் விரித்தாள். ஐந்து வருஷத்தில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு துளிகள். பெயர்வாரியாகப் பார்த்தாள், வயதுவாரியாகப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கிழமைவாரியாக அடுக்கினாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.

பெண்களின் துளி மற்ற நாட்களில் பத்தில் மூன்றுதான் ஓடியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பத்தில் ஏழு. ஆண்களுக்குப் புதன்கிழமையும் சனிக்கிழமையும் அதே கதை.

செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். புதன், சனி ஆண்களுக்கு. இந்த மண்ணில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். துளிமானியைச் செய்து அனுப்பியவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சோதித்துப் பார்த்ததெல்லாம் எண்ணெயே படாத முகங்களை. கண்ணிலிருந்து நேராகத் துளியை எடுக்கவும் கூடாது; முதல் வருஷம் யாரோ ஒருவர் கண்ணில் குழாய் பட்டுப் புகார் ஆனதிலிருந்து, கன்னத்தில் வழிந்து தாடைக்கு வந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆக, ஒவ்வொரு துளியும் ஒரு முழுக் கன்னத்தைத் தாண்டித்தான் தட்டுக்கு வருகிறது.

தினமும் காலையில் இயந்திரத்தைச் சரிபார்க்க மாதிரிக் கண்ணீர் என்று ஒரு சின்னக் குப்பி உண்டு. அதை எடுத்தாள். முகத்தை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு இடது கன்னத்தில் ஒரு சொட்டை விட்டு, தாடையில் பிடித்துத் தட்டில் வைத்தாள். நின்றது. சுவரில் இருந்த பிள்ளையார் படத்து விளக்கிலிருந்து ஒரு விரல் எண்ணெய் எடுத்து வலது கன்னத்தில் தேய்த்தாள். அதே குப்பி, இன்னொரு சொட்டு.

ஓடிவிட்டது.

மறுபடி செய்தாள். ஓடியது. ஆறு தடவை செய்தாள். ஆறு தடவையும் ஓடியது.

*

நிலையத்தின் தலைவர் கோமதிநாயகம் ஓய்வுபெற்ற நீதிபதி. அவள் போனபோது டிபன் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்துக்கு மோர்மிளகாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

“சார், தட்டு தப்பு சொல்லுது.”

“உக்காரு முதல்ல. மூஞ்சியெல்லாம் என்ன எண்ணெ?”

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர் பாதியில் கையை நிறுத்தினார்.

“பசைதானே பிடிக்கும்னு சொல்வே? எண்ணெயும் பசை மாதிரிதானேம்மா?”

“இல்ல சார். கண்ணீரோட வர்ற எண்ணெ முந்திக்கிட்டுப் போயி பள்ளத்தையெல்லாம் நிரப்பிருது. அப்புறம் கண்ணீருக்குப் பிடிச்சுக்க இடமே இல்ல. தட்டோட சொரசொரப்பை அது தொடவே இல்ல. எண்ணெ மேல சறுக்கிட்டுப் போயிருது. எம்புட்டு நொந்து அழுதிருந்தாலும் ஓடத்தான் செய்யும்.”

கோமதிநாயகம் விரலில் ஒட்டிய சாதத்தை டப்பா விளிம்பில் வழித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. முப்பது வருஷம் நாற்காலியில் இருந்தவர்களுக்கு வரும் தெளிவு அது.

“சோப்பு வெச்சிருவோம்.”

“சார்?”

“ஒரு குழாய், ஒரு சோப்பு, ஒரு துண்டு. முகம் கழுவிட்டுத்தான் உள்ள வரணும். திங்கக்கிழமை காலையில எனக்கு ஒரு அறிக்கை குடு, கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிர்றேன். அந்தச் சாத்தூர் அம்மாவையும் வரச் சொல்லு. கழுவச் சொல்லி மறுபடி எடு.”

“பழசெல்லாம்?”

“பழசு பழசுதான்.”

“ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு பேரு சார்!”

“கத்தாதே. நான் செவிடில்ல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அதுல பாதிப் பேரு வேற கல்யாணம் பண்ணி, பிள்ளைக்குப் பேரும் வெச்சாச்சு. அவங்க வீட்டுக் கதவைத் தட்டி, ‘அம்மா, உன் பழைய புருசன் அன்னிக்கு அழுதது நெசந்தான், மன்னிச்சிரு’ன்னு சொல்லப் போறியா? சொன்னா அவ என்ன பண்ணுவா? அடுப்புல இருக்கிற பாலை இறக்குவாளா, இல்ல அங்கேயே உக்காந்து அழுவாளா? நீயே சொல்லு, அது நல்லதா, கெட்டதா?”

கெட்ட மனிதராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் பேசியதில் பாதி நியாயமாக இருந்ததுதான் தொல்லை.

அவர் மிளகாயைக் கடித்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார். “மாரிக்கனியோட துளி என்னிக்கு எடுத்தது?”

அவளுக்குத் தேதியே மனப்பாடம். “திங்கக்கிழமை சார்.”

“எண்ணெக் கிழமை இல்ல. அப்ப உன் விசயத்துல ஒண்ணும் மாறல. நீ நிம்மதியா இரு. வர்ற திங்கக்கிழமைதானே விவாகரத்துக்குக் கடைசிக் கையெழுத்து?”

“ஆமா சார்.”

*

நிம்மதி வந்ததா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். வந்தது. அது வந்ததற்காகக் கூசவும் செய்தது. ஊரெல்லாம் தப்பாகப் போனாலும் என்னுடையது மட்டும் சரி என்று நினைக்க மனசுக்கு எப்படித்தான் முடிகிறதோ.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, இரண்டு நாள் மட்டும் இருந்தது. மாரிக்கனி அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தான். கை கால் கழுவினான். மறுநாள் காலை கடையைத் திறந்துவிட்டான்.

அழவில்லை. ஒரு சொட்டு இல்லை. பத்தாம் நாள் வந்தது, நாற்பதாம் நாள் வந்தது, அவன் கண் கலங்கி அவள் பார்க்கவில்லை. மாவு பிசைந்தான், வீசினான், சுருட்டினான், எண்ணெயில் போட்டான். அவள் கேட்டால், “விடும்மா” என்பான். அவள் கத்தினால் வாசலில் போய் நின்றுகொள்வான். ஒரு நாள் அவள் சொன்னாள், “தட்டாபீசுக்கு வாங்க. உங்களுக்கு உள்ள ஏதாவது இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.” மறுபேச்சில்லாமல் வந்தான். அவள் வெளியே நடையில் நின்றாள். உள்ளே அப்போதிருந்த சீனியர் ஆபரேட்டர் துளியை எடுத்தார். அரை மணி கழித்துக் கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், “ஓடிருச்சும்மா” என்றார்.

அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்போது அந்தப் பழைய பதிவைத் திறந்தாள். பார்க்கக் கூடாது என்று மூன்று வருஷம் தொடாமல் வைத்திருந்தது. பெயர், மாரிக்கனி. வயது, முப்பத்து நான்கு. கிழமை, திங்கள். பிடிப்பு, பூஜ்யம் புள்ளி எட்டு நொடி. தொழில்…

தொழில், பரோட்டாக் கடை.

அந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுத்ததே அவள்தான். அவள் கைப்பட எழுதிய படிவத்தைப் பார்த்துத்தான் ஏற்றியிருந்தார்கள்.

கால் ஆடுவது நின்றுவிட்டது. அது இன்னும் பயமாக இருந்தது.

எண்ணெய்ப் பரோட்டா போடும் அகலச் சட்டிக்கு முன்னால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நிற்கிற மனிதனுக்கு எது எண்ணெய்க் கிழமை? எல்லாக் கிழமையும்தான். அவன் தலையணை உறையில் கன்னம் பதிகிற இடத்தில் வட்டமாக ஒரு கறை இருக்கும். எந்த சோப்புக்கும் போகாது. வாரா வாரம் அதை வெந்நீரில் ஊறப்போட்டு, அடித்துத் துவைத்து, திட்டித் தீர்த்தவள் அவள். எத்தனை உறை! அதை எப்படி மறந்தாள்?

கைப்பையில் தட்டைப் பத்திரமாகத் துணி சுற்றி வைத்தாள். செருப்பை மாட்டினாளா என்று தெருவுக்கு வந்து குனிந்து பார்த்துக்கொண்டாள்.

*

மதியம் இரண்டு மணி. கடையில் கூட்டம் குறைந்து நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். சாதாரணமாக அந்தக் கடையில் சத்தம் ஓயாது. இன்றைக்கு எல்லோரும் தலையைக் குனிந்து இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அந்தக் கொஞ்சநஞ்சப் பேச்சும் அடங்கியது. ஓரத்து மேஜையில் உட்கார்ந்திருந்த லாரிக்காரர் ஒருவர், “அண்ணாச்சி, சால்னா இன்னும் கொஞ்சம்” என்றார் மெதுவாக.

மாரிக்கனி சால்னா வாளியோடு திரும்பினான். நெற்றியோரத்தில் புதிதாக இரண்டு நரை. அவளைப் பார்த்தான். வாளி ஒரு பக்கம் சாய்ந்தது.

“அண்ணாச்சி, என் மேல ஊத்திராதீக,” என்றார் லாரிக்காரர்.

ஊற்றிவிட்டு வந்தான். தோள் துண்டால் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“திங்கக்கிழமைதானே? காலையில வக்கீல் போன் பண்ணுனாரு. பத்து மணிக்கு வரணும்னு.”

“அதுக்கு வரல. உள்ள வாங்க, பேசணும்.”

உள்ளே என்றால் மாவு மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலி. அவள் உட்கார்ந்து, பையிலிருந்து தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதைப் பார்த்ததும் அவன் ஓரடி பின்னால் போனான்.

“மறுபடியுமா? வேண்டாம்மா.”

“உங்களுக்கு எடுக்க வரல. கேளுங்க.” அவள் மூச்சு விடாமல் சொன்னாள். வெள்ளிக்கிழமை, பவுன்தாய், எண்ணெய், பள்ளம், பதிவேடு. “உங்க முகத்துல எப்பவும் எண்ணெ இருக்கும். அதான் ஓடுச்சு. அன்னிக்கு நீங்க அழுதது பொய்யில்ல. நான்தான்… தட்டை நம்பி…”

மாரிக்கனி மேஜையில் இருந்த மாவு உருண்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். ஏற்கெனவே உருண்டையாக இருந்ததையே மறுபடி மறுபடி உருட்டினான்.

“என்னங்க, ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க.”

“ரஞ்சி.” அவன் நிமிரவில்லை. “நான் பேசாம இருந்துட்டா நீ வந்துருவ போலிருக்கு.”

“என்ன?”

“அதனாலதான் சொல்றேன். பேசாம இருக்க எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஆனா முடியல.” உருண்டையை வைத்தான். “அன்னிக்கு நான் அழல. உங்க ஆபரேட்டர் அழுங்க அழுங்கன்னு சொன்னாரு. அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். பிள்ளைய நினைச்சேன். குழியை நினைச்சேன். வரல. அழலேன்னா தட்டுல வைக்கவே முடியாது, தானாவே பொய்ன்னு எழுதிருவோம்னாரு. நீ வெளிய நிக்கிற. எனக்குப் பயம் வந்துருச்சு. கையெல்லாம் காலையில உரிச்ச சின்ன வெங்காயம். அவரு அந்தப் பக்கம் திரும்புனப்ப ரெண்டு கண்ணையும் நல்லாக் கசக்கிட்டேன்.”

வெளியே யாரோ தண்ணீர் ஜக்கை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“வெங்காயமா?”

“வெங்காயந்தான்.”

“அப்ப தட்டு சொன்னது சரி.”

“தட்டு சரியாத்தான் சொல்லுச்சு.”

அவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, எழுந்து போய்விட வேண்டும் போல வந்தது. எல்லாம் ஒரே சமயத்தில். “ஏமாத்தியிருக்கீங்க! இதை மூணு வருசம் சொல்லாம… நான் இங்க ஓடி வந்து, நடு ரோட்டுல பைத்தியக்காரி மாதிரி…”

“சொல்ல நீ எங்க இருந்த?”

அவள் தட்டைச் சுற்றிக் கொண்டுவந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

“எனக்கு அழத் தெரியல ரஞ்சி,” என்றான். குரலில் எந்த நடுக்கமும் இல்லை. யாரோ கேட்ட விலையைச் சொல்வது போலச் சொன்னான். “எங்கப்பா செத்தப்பவும் வரல. ஊர்ல எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாக. பிள்ளையப் புதைச்ச மறுநாள் காலையில நான் ஏன் கடையைத் திறந்தேன்னு நீ கேட்டியே. வீட்டுல தொட்டில் கம்பி தொங்குச்சு. அதுக்குக் கீழ உக்கார முடியல. இங்க வந்தா கைக்கு வேலை இருக்குன்னு வந்தேன். முப்பது கிலோ மாவு. பிசைஞ்சேன், போட்டேன், வித்தேன். சாயங்காலம் கடைசியா ஒண்ணு மிஞ்சுச்சு. நான் எடுத்து வாயில வெச்சேன்.”

மேஜைமேல் சிதறியிருந்த மாவை விரலால் ஒதுக்கினான்.

“உப்பே போடல.”

அவள் அவனைப் பார்த்தாள்.

“முப்பது கிலோ. ஒரு கல் உப்பு இல்ல. காலையில இருந்து முந்நூறு பேராவது சாப்பிட்டிருப்பாக. ஒருத்தர் வாயைத் திறக்கல. நம்ம ஊர்க்காரனுக இலையில தண்ணி தெளிக்கலைன்னாலே சண்டைக்கு வருவானுக. அன்னிக்கு எல்லாரும் சால்னாவை ஊத்தி ஊத்தித் தின்னுட்டு, கையைக் கழுவிட்டு, காசை வெச்சுட்டுப் போயிட்டானுக.” துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். “அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

வெளியிலிருந்து யாரோ “அண்ணாச்சி, ரெண்டு பரோட்டா” என்றார்கள். அவன் எழுந்து போனான். அதற்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு ஆள் மாறி ஒரு ஆள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்கள்.

சிவரஞ்சனி தனியாக உட்கார்ந்திருந்தாள். குழாய், சோப்பு, துண்டு. திங்கட்கிழமை காலை பவுன்தாய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். துளி நிற்கலாம். அல்லது, எட்டு மாதம் அழுது அழுது கண் வற்றிப்போய், அவளுக்கு அன்றைக்கு அழுகையே வராமல் போகலாம். அப்போது அவளும் யாரும் பார்க்காத சமயத்தில் கண்ணைக் கசக்குவாள். தட்டு கண்ணீரைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லும். எத்தனை சோப்புப் போட்டாலும் அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

சோப்பு என்று ஒரு வரி எழுதச் சொன்னார் கோமதிநாயகம். தட்டே வேண்டாம் என்றுதான் எழுதப் போகிறோம் என்பது அவளுக்கு இப்போது தெரிந்தது. அந்த வரியைப் படித்ததும் அவர் டிபன் டப்பாவை மூடிவிடுவார் என்பதும் தெரிந்தது. வேலை போகும். ஊர் பேசும். கதவைத் தட்ட வேண்டிய வீடுகள் இருக்கின்றன. தட்டாமல் விட வேண்டிய வீடுகளும் இருக்கின்றன. எது எது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. போய் நின்று, பேசி, முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து வருஷமாக அவள் பார்க்காமல் விட்ட முகங்களை.

கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. மேஜை அதிர்ந்து மாவு தூளாக உதிர்ந்தது.

மாரிக்கனி ஒரு தட்டில் இரண்டு பரோட்டாவோடு வந்தான். “சாப்பிட்டிருக்க மாட்ட,” என்றான். வைக்க இடம் தேடி, மேஜையிலிருந்த துளிமானித் தட்டைப் புறங்கையால் நகர்த்தினான். அவன் விரல் பட்ட இடத்தில் எண்ணெய்த் தடம் பதிந்தது. “ஐயையோ, கெட்டுப் போச்சா?”

“இருக்கட்டும்.”

அவன் எதிரே உட்கார்ந்தான். ஆடுகிற முழங்காலைப் பார்த்தான். கையை நீட்டப் போனவன், பாதியில் நிறுத்தி, தன் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

அவள் பரோட்டாவைப் பிய்த்தாள். சூடாக இருந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் ஏடு ஏடாகப் பிரிந்து, பழைய கைப்பக்குவம் அப்படியே இருந்தது. சால்னாவில் தோய்க்காமல் வெறும் பரோட்டாவாக ஒரு வாய் போட்டாள்.

மென்றாள். மெல்லுவது மெதுவாகி நின்றது. கடைக்குள் வந்ததும் அவன் சொன்னது ஞாபகம் வந்தது.

காலையில வக்கீல் போன் பண்ணுனாரு.

வெளியே பார்த்தாள். லாரிக்காரர் இலையை வழித்துக்கொண்டிருந்தார். அவளுடைய பார்வையைப் பார்த்ததும், ஒரே ஒரு நொடி அவரும் பார்த்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர் மாதிரி குனிந்துகொண்டார்.

“எப்படி இருக்கு?” என்றான் மாரிக்கனி.

அவள் அடுத்த துண்டைப் பிய்த்தாள்.

“நல்லாருக்கு,” என்றாள். “சால்னா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”